அல்கொன்குவின் ஏரிக்கரையில் அமைதியாக ஒரு வாரம்: கூடாரமும் தூண்டிலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் அல்கொன்குவின் மாகாணப் பூங்காவின் மேற்கு வாயிலை அடையலாம். 1893-இல் நிறுவப்பட்ட இது ஒன்ராறியோவின் மிகப் பழைய மாகாணப் பூங்கா. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் காடும் ஏரியுமாக விரிந்து கிடக்கிறது. காலையில் வந்து, படம் எடுத்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றை உண்டுவிட்டு மாலையில் திரும்பும் தமிழ்க் குடும்பங்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அப்படியல்லாமல் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கி, மீன்பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் இருந்துவிட்டு வர விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டணங்களும் மீன்பிடிப் பருவத் தேதிகளும் மாறக்கூடியவை. புறப்படுமுன் மாகாண அரசு வெளியிடும் அந்த ஆண்டுக்கான மீன்பிடி விதிச் சுருக்கத்தில் 15-ஆம் மீன்வள வலயத்துக்குரிய பகுதியை ஒரு முறை வாசித்துவிட வேண்டும். அல்கொன்குவின் அந்த வலயத்தில்தான் அடங்குகிறது.

ஆண்டின் எந்த வாரம் ஏற்றது?

அமைதிதான் நோக்கம் என்றால், செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் கழிந்த பிறகான இரண்டு வாரங்களுக்கு இணையான காலம் வேறில்லை. பள்ளிகள் திறந்துவிடுவதால் முகாம்களில் பாதி இடம் காலியாகிவிடும். கறுப்பு ஈக்கள் எப்போதோ போயிருக்கும், நுளம்பும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். கோடை முழுவதும் வெயில் வாங்கிய ஏரி நீரில் இன்னமும் குளிக்க முடியும். ட்ரவுட் மீன்களுக்கான பருவம் செப்டெம்பர் 30 வரை நீடிப்பதால் தூண்டிலுக்கும் வேலை இருக்கும். அதே மாதத்தின் கடைசி வாரம் முற்றிலும் வேறு கதை: மேப்பிள் இலைகள் சிவக்கும் நாட்கள் அவை, 60-ஆம் நெடுஞ்சாலை வார இறுதிகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோ கடைத்தெருவைப் போல நெரியும்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஆகஸ்ட்டின் பிற்பகுதி அடுத்த தெரிவு. மே மாதத்தில் பனிக்கட்டி உருகிய பின் ட்ரவுட் மேல்மட்டத்திலேயே திரிவதால் தேர்ந்த மீன்பிடிகாரர்கள் அந்த மாதத்துக்காகவே காத்திருப்பார்கள். ஆனால் மே நடுவில் தொடங்கி ஜூன் முடியும் வரை கறுப்பு ஈக்கள் காதின் பின்புறத்தையும் மயிரடியையும் தேடித் தேடிக் கடிக்கும். முதன்முறையாகக் கூடாரமடிப்பவர்களை ஜூன் மாதத்தில் அங்கே அனுப்புவது அவர்களை வாழ்நாள் முழுவதும் காட்டுப் பக்கம் வராமல் செய்வதற்குச் சமம்.

செப்டெம்பரில் இரவு எவ்வளவு குளிரும்?

பகலில் அரைக்கைச் சட்டை போதுமானதாக இருக்கும் அதே நாளில் இரவு வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கலாம். மாதத்தின் பிற்பகுதியில் உறைபனியும் விழும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதே அதிகம். ஆகவே, உறக்கப் பையில் செலவழிக்கும் கவனத்தை அதன் கீழே விரிக்கும் மெத்தையிலும் செலவழிக்க வேண்டும். காற்றடைத்த சாதாரண மெத்தை உள்ளே இருக்கும் காற்றோடு சேர்ந்து குளிர்ந்துவிடும். அதன்மேல் தடித்த நுரை விரிப்போ கம்பளியோ போட்டால் வேறுபாடு உடனே தெரியும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் மியூ ஏரி முகாமில் வாடகைக்குக் கிடைக்கும் யேர்ட் எனப்படும் வட்டக் குடிலை நாடலாம். அதில் கட்டிலும் மின்சூடேற்றியும் இருக்கும்.

எந்த ஏரியைத் தெரிவுசெய்வது?

60-ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள் மேற்கு வாயிலிலிருந்து கிழக்கு வாயில் வரை 56 கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே எல்லா இடங்களும் இந்தக் கிலோமீட்டர்க் கணக்கிலேயே சொல்லப்படும். கார் போகக்கூடிய முகாம்கள் இந்தச் சாலையை ஒட்டியே வரிசையாக அமைந்துள்ளன: டீ ஏரி, கேனிஸ்பே, மியூ, டூ ரிவர்ஸ், கியர்னி, பொக், ரொக் ஏரி ஆகியவை அவற்றுள் அடங்கும்.

டூ ரிவர்ஸ் ஏரி எல்லோருக்கும் தெரிந்தது. மணற்கரை உண்டு, பக்கத்திலேயே கடை உண்டு, சிறு பிள்ளைகளுடன் செல்வோருக்கு எல்லா வசதியும் உண்டு. அமைதி மட்டும் இல்லை. நெடுஞ்சாலை அருகே என்பதால் இரவில் பாரவூர்திகளின் ஓசை கேட்கும். ஒரு வாரம் தங்கி மீன்பிடிக்க விரும்புவோருக்கு ரொக் ஏரியே என் பரிந்துரை. நாற்பதாவது கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி, சரளைக்கல் பாதையில் பல கிலோமீட்டர் உள்ளே செல்ல வேண்டும். அந்தத் தூரமே வாகன ஓசையை அறுத்துவிடுகிறது. ஏரி பெரியது; பாறை விளிம்புகளும் ஆழமான பகுதிகளும் அதில் இருப்பதால் கரைமீனும் ஆழ்மீனும் ஒரே இடத்தில் கிடைக்கும். சில முகாம்கள் செப்டெம்பர் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிடும் என்பதால், தேர்ந்தெடுத்த முகாம் உங்கள் வாரத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விடுமுறைக்கு எழுதிக் கொடுங்கள்.

பதினான்காவது கிலோமீட்டரில் உள்ள கனூ ஏரியில் கார் முகாம் கிடையாது; அது உட்காட்டுக்குப் படகில் போவோரின் புறப்பாட்டு இடம். ஆயினும் ஒரு காலைப் பொழுதை அங்கே கழிக்கலாம். ஓவியர் டொம் தொம்சன் மீன்பிடி வழிகாட்டியாகவும் வேலை பார்த்தது அந்தக் கரையில்தான். 1917 ஜூலையில் அவர் இறந்ததும் அந்த ஏரியில்தான். மரணம் எப்படி நேர்ந்தது என்பதைக் கனடியர்கள் இன்றும் பேசி முடிக்கவில்லை.

இடத்தை எப்போது, எப்படிப் பதிவு செய்வது?

மாகாணப் பூங்காக்களின் முகாம் இடங்கள் வந்துசேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதங்களுக்கு முன்னர், காலை 7 மணிக்குப் பதிவுக்குத் திறக்கப்படும். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளுக்குரிய நீர்க்கரை இடங்கள் அந்தக் காலையிலேயே தீர்ந்துவிடும். செப்டெம்பரில் ஞாயிறு வந்து வெள்ளி புறப்படும்படி திட்டமிட்டால் இந்தப் போட்டியிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம். இடையில் ரத்தாகும் இடங்களும் அடிக்கடி கிடைக்கும். ஓர் இடத்தில் பொதுவாக ஆறு பேர் வரையே தங்கலாம், ஒரு வாகனத்துக்கே அனுமதி அடங்கும். மாமா குடும்பம், சித்தி குடும்பம் என்று எல்லோரும் சேர்ந்து போவதானால் அடுத்தடுத்த இடங்களை எடுக்க வேண்டும். அந்த அளவுக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டு போவது அமைதியான வாரமாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

உட்காட்டில், படகு மட்டுமே போகும் இடத்தில் தங்கலாமா?

தங்கலாம், உண்மையான அமைதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் முதல் முறையே அங்கு போக வேண்டாம். நடுவழி ஒன்று உண்டு: பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒபியொங்கோவில், படகோட்டத் தெரியாதவர்களையும் பொருட்களையும் தூரத்து முகாமிடங்களுக்குக் கொண்டுபோய் விடும் இயந்திரப் படகுச் சேவை இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் குறித்த நாளில் வந்து திரும்ப அழைத்துச் செல்வார்கள்.

உட்காட்டுக்கான விதிகளில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது ஒன்றில்: அங்கே தகரப் பேணிகளும் கண்ணாடிப் போத்தல்களும் தடைசெய்யப்பட்டவை. டின் மீன், பேணியில் அடைத்த தேங்காய்ப்பால், போத்தல் ஊறுகாய் எல்லாவற்றையும் வீட்டிலேயே பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கார் முகாம்களுக்கு இந்தத் தடை இல்லை.

மீன்பிடிக்க அனுமதிப்பத்திரம் கட்டாயமா?

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோ வாசிகளுக்குக் கட்டாயம். இரண்டு பொருட்கள் வேண்டும்: மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அவுட்டோர்ஸ் அட்டை ஒன்று, அதனுடன் சேரும் மீன்பிடி அனுமதிப்பத்திரம் ஒன்று. பத்திரத்தில் இரு வகை உண்டு. விளையாட்டு மீன்பிடிப் பத்திரம் கூடுதலான மீன்களை வைத்துக்கொள்ள அனுமதிக்கும். பேணல் பத்திரம் விலை குறைந்தது, வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் குறைவு. ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று வேளை மீன் சமைப்பதற்குப் பேணல் பத்திரமே போதும். அதைவிடக் கூடுதலாகப் பிடித்துப் பனிப்பெட்டியில் நிரப்பிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், ஸ்காபரோவில் நல்ல மீன்கடைகள் இருக்கின்றன.

கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களும் 65-ஐக் கடந்தவர்களும் பத்திரம் வாங்க வேண்டியதில்லை. வயதையும் வசிப்பிடத்தையும் காட்டும் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். ஆண்டுக்குச் சில குறிப்பிட்ட நாட்களில், அன்னையர் தின வார இறுதி அவற்றில் ஒன்று, கனடாவில் வசிக்கும் எவரும் பத்திரமின்றி மீன்பிடிக்கலாம். எண்ணிக்கை விதிகள் அப்போதும் பொருந்தும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 70 வயது. அவருக்கும் விலக்கு உண்டா?

இல்லை. முதியவர்களுக்கான விலக்கு கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. யாழ்ப்பாணத்திலிருந்தோ இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திருப்பவர் 18 வயதைக் கடந்திருந்தால், எத்தனை வயதானாலும் வெளிநாட்டவருக்கான பத்திரம் வாங்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் பத்திரமும் எட்டு நாள் பத்திரமும் உண்டு. ஒரு வாரத் தங்கலுக்கு எட்டு நாள் பத்திரம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். “அப்பா சும்மா கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்” என்ற விளக்கத்தை மீன்வளக் காவல் அதிகாரி ஏற்கமாட்டார். கோலைப் பிடித்தாலே மீன்பிடித்தல்தான்.

அங்கே என்ன மீன் கிடைக்கும்? கரையிலிருந்தே பிடிக்க முடியுமா?

அல்கொன்குவினின் புகழ் ட்ரவுட் மீன்களால் வந்தது: லேக் ட்ரவுட், ப்ரூக் ட்ரவுட் இரண்டும் அந்த ஏரிகளின் பூர்வீகக் குடிகள். ஸ்மால்மௌத் பாஸ் அப்படியல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி மனிதரால் கொண்டுவந்து விடப்பட்டது. ஆனால் கூடாரத்தில் தங்கிக் கரையிலிருந்து தூண்டில் போடுபவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் வந்தேறியான பாஸ்தான்.

காரணம் நீரின் வெப்பநிலை. லேக் ட்ரவுட் 10 பாகையை ஒட்டிய குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கோடையில் மேல்நீர் சூடாகிப் படலமாகப் பிரிந்துவிடுவதால் அது பதினைந்து மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. செப்டெம்பர் தொடக்கத்திலும் அங்கேதான் கிடக்கும். அதைப் பிடிக்கக் கனூ எனும் துடுப்புப் படகில் ஏறி, கரண்டி வடிவிலான கனத்த உலோகப் போலி இரையை நீண்ட கயிற்றில் இறக்கி, மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே இழுத்துச் செல்ல வேண்டும். பொறுமை வேண்டும். ஆழத்திலிருந்து சூடான மேல்நீருக்கு இழுத்து வந்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை கிடைத்ததும் ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுவதே முறை. வேடிக்கைக்காகப் பிடித்து விடுவதற்கு அது ஏற்ற மீனல்ல.

பாஸ் மீனின் இயல்பு நேர்மாறானது. பாறை விளிம்பு, நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம், கற்குவியல் ஆகியவற்றின் நிழலில் இரண்டு முதல் ஐந்து மீட்டர் ஆழத்தில் பதுங்கியிருக்கும். விழுந்த மரமொன்றைக் கண்டால், அதன் மேலே எறியாமல் அதன் பக்கவாட்டில் இரு கைகளை விரித்த அளவு தள்ளி எறியுங்கள். இரை மெல்லத் தாழ்ந்து கிளைகளின் மட்டத்தை எட்டும் நேரத்தில்தான் கடி விழும். முதலில் தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) ஓர் இலேசான தட்டு, பிறகு அது பக்கமாக நகரத் தொடங்கும். அந்த நகர்வைக் கண்ட பிறகே கோலை உயர்த்த வேண்டும். தட்டைக் கேட்டவுடன் சுண்டினால் வெறும் கொக்கிதான் வரும். மாட்டிய பாஸ் மரத்துக்குள் புகப் பார்க்கும், இல்லையெனில் நீருக்கு மேலே எகிறிக் குதித்துத் தலையை உதறும். எகிறும்போது கோலைத் தாழ்த்தித் தங்கூசியை இறுக்கமாகவே வைத்திருங்கள். தளர்ந்த கணத்தில் கொக்கி கழன்றுவிடும். விடியலுக்குப் பிந்திய இரண்டு மணி நேரமும் சூரியன் மறைவதற்கு முந்திய இரண்டு மணி நேரமும் சிறந்தவை. நடுப்பகலில் படுத்துத் தூங்கலாம்.

பாஸ் முட்டையிட்டு, ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும் வசந்தகாலத்தில் அதைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டிருக்கும். பருவம் பொதுவாக ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும்.

இந்த ஏரிகளைப் பற்றி அறிவியலாளருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, நம்மைப் போன்ற சாதாரண மீன்பிடிகாரர்களிடம் கேட்டுப் பெற்றது என்பது பலர் அறியாதது. ஒபியொங்கோ ஏரியில் 1936 முதல் கரை திரும்புவோரிடம் எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை மீன் கிடைத்தது என்று கேட்டுப் பதிந்து வருகிறார்கள். யாராவது குறிப்பேட்டுடன் வந்து கேட்டால், ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். அதுவும் அவர்களுக்குத் தரவுதான்.

தொடக்கக்காரர் என்ன உபகரணம் வாங்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். ஆறு அல்லது ஆறரை அடி நீளமுள்ள நடுத்தரத் தூண்டிற்கோல், அதற்கேற்ற ஸ்பின்னிங் ரீல், ஆறு முதல் எட்டு இறாத்தல் தாங்கும் தங்கூசி, சிறிய கொக்கிகள், ஒரு மிதவை, இரண்டு மூன்று சுழல் தகடுகள், கொக்கி கழற்ற நீண்ட மூக்குக் குறடு. இவ்வளவுதான். கடையில் சுவர் முழுக்க மின்னும் ரப்பர் மீன்கள் பெரும்பாலும் மனிதரைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை.

பாரக்குண்டுகளில் ஈயத்தைத் தவிர்த்துத் தகரமோ டங்ஸ்டனோ வாங்குங்கள். இரவில் ஏரியின் மறுகரையிலிருந்து நீளமாகக் கூவும் லூன் பறவை இரையை அரைப்பதற்காகக் கூழாங்கற்களை விழுங்கும் பழக்கமுடையது. அடியில் கிடக்கும் ஈயக்குண்டை விழுங்கினால் ஒரு குண்டே அதைக் கொன்றுவிடும். ஒருவருக்கு ஒரு தூண்டில் என்பதே விதி. ஒரு கோலைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கவட்டைத் தடியில் நட்டுவைக்கும் ஊர்ப் பழக்கம் இங்கே குற்றமாகும்.

உயிருள்ள சிறுமீனை இரையாகப் பயன்படுத்தலாமா?

கூடாது, பயன்படுத்துவது மட்டுமன்றி வைத்திருப்பதும் அல்கொன்குவினுக்குள் தடைசெய்யப்பட்டுள்ளது. வாளியிலிருந்து தப்பிய ஓர் அயல் மீனினம் ப்ரூக் ட்ரவுட் ஏரியொன்றை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்பதே இதற்குக் காரணம். மண்புழுவுக்குத் தடையில்லை, பாஸ் மீனுக்கு அதுவே போதுமானது. ஆனால் மிஞ்சிய புழுவைக் “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று காட்டில் விடாதீர்கள். பனியுகத்தில் பனிப்பாளங்கள் மூடிக் கிடந்த இந்த நிலத்துக் காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. நமது வயலுக்கு நண்பனான அதே உயிர் இங்கே தரையில் படிந்த இலைச் சருகைத் தின்று தீர்த்து, அதை நம்பியிருக்கும் செடிகளை அழிக்கிறது. மிஞ்சியதைக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

கனூவில் போக நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருப்பது நல்லது, தெரிந்திருந்தாலும் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும். படகில் ஒவ்வொருவருக்கும் பொருந்தும் அளவில் அங்கி ஒன்று, 15 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் எறிகயிறு, ஊதல் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகைப் படகுடன் இவற்றைத் தருவார்கள். அங்கியை இருக்கையின் கீழே போட்டுவிட்டுப் படம் எடுக்க எழுந்து நிற்பதில்தான் விபத்துகள் தொடங்குகின்றன. ஏரி காலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்து, பதினொரு மணியளவில் காற்றெழுந்து, பிற்பகலில் அலையடிப்பது வழக்கம். ஆகவே காலையில் காற்று வரும் திசையை நோக்கிப் போய், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒபியொங்கோ போன்ற பெரிய ஏரியில் நடுவே குறுக்காகப் போகாமல் கரையோரமாகவே செல்ல வேண்டும்.

கரடி வருமா?

கருங்கரடி அந்தக் காட்டில் வாழ்கிறது. பூங்காவின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் அது மனிதரைக் கொன்ற நிகழ்வுகள் மிகச் சிலவே. உணவுப் பெட்டியைத் தூக்கிச் சென்ற நிகழ்வுகளுக்கோ கணக்கில்லை. கூடாரத்துக்குள் பிஸ்கற் துண்டுகூட இருக்கக்கூடாது. உணவு, பனிப்பெட்டி, எண்ணெய்ப் போத்தல், பற்பசை, சமைத்த சட்டி எல்லாம் இரவில் காருக்குள் இருக்க வேண்டும். இறைச்சியையும் மீனையும் தூளில் பிரட்டிப் பொரிக்கும் நாம் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: பொரித்தபோது உடுத்தியிருந்த உடுப்போடு உறங்கப் போகாதீர்கள், பொரித்த எண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். மீனின் குடலையும் செதிலையும் நீர்க்கரையில் விடாமல் இரட்டைப் பையில் கட்டி, கரடி திறக்க முடியாதபடி செய்யப்பட்ட குப்பைத் தொட்டிக்கு அன்றே கொண்டுபோக வேண்டும். கரடி எதிர்ப்பட்டால் ஓடாமல், முகம் திருப்பாமல், உரத்துப் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

உண்மையில் அங்கே கூடுதலாக அஞ்ச வேண்டிய விலங்கு மூஸ் எனும் பெரிய மான். அந்தி நேரத்தில் நெடுஞ்சாலையில் நிற்கும். உயரமான கால்கள் என்பதால் கார் விளக்கின் வெளிச்சம் அதன் கண்ணில் பட்டு மின்னாது; அதனால் ஓட்டுபவருக்கு அது எளிதில் தெரியாது.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா? பாதரசம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

சாப்பிடலாம், அளவோடு. தொலைதூரக் காட்டு ஏரிகளிலும் காற்றின் வழியே வந்து படியும் பாதரசம் உணவுச் சங்கிலியில் ஏறி, பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய, வயதான மீன்களில் சேர்கிறது. சமைப்பதால் அது குறையாது. ஒன்ராறியோ அரசு ஏரி வாரியாக, மீன் வாரியாக, நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று அட்டவணை வெளியிடுகிறது. கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி நிரல் உண்டு. நடைமுறையில் இதன் பொருள், பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டு, சட்டப்படி வைத்துக்கொள்ளத்தக்க சிறிய மீனைச் சட்டிக்கு வைத்துக்கொள்வது. சுவையும் சிறியதில்தான். சில பாஸ் மீன்களின் தோலிலோ சதையிலோ மிளகுபோன்ற கரும்புள்ளிகள் தெரியும். அது ஓர் ஒட்டுண்ணி. நன்றாகச் சமைத்தால் தீங்கில்லை.

பாஸ் மீனின் சதை வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் புளி விட்ட குழம்பில் உடையாது. ட்ரவுட் நெய்ப்பிடிப்பானது, மென்மையானது, குழம்பில் கரைந்துவிடும். அதற்கு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி போதும். தோலோடு வாட்டி எடுத்துப் பாணோடு உண்ணலாம். தூள் வகைகளை வீட்டிலேயே கலந்து ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் இருட்டில் தேட வேண்டியிராது. வீட்டுக்குக் கொண்டுவரும் மீனைத் தோல் முழுவதையும் உரித்துத் துண்டுபோடாதீர்கள். எந்த இனம், எத்தனை மீன் என்பது வழியில் சோதிக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா?

வேண்டாம். மரங்களைக் கொல்லும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்கின்றன. பூங்காவிலேயே விறகு விற்கப்படுகிறது. சுற்றியுள்ள காட்டில் சுள்ளி பொறுக்குவதற்கும் கார் முகாம்களில் அனுமதியில்லை. வறண்ட நாட்களில் நெருப்புத் தடை விதிக்கப்படலாம் என்பதால் சிறிய எரிவாயு அடுப்பு ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும்.

பாட்டுப் போடலாமா? மாலை நேரங்களில் என்ன செய்வது?

பிறருக்குத் தொல்லை தரும் ஓசை எந்த நேரத்திலும் தடைசெய்யப்பட்டது. இரவில் மட்டும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். சில முகாம்களில் வானொலியே கூடாத தனிப் பகுதிகள் உள்ளன. அமைதியை நாடுவோர் பதிவின்போதே அவற்றைக் கேட்டு எடுக்கலாம். தண்ணீரின் மேல் குரல் வெகுதூரம் போகும். கரையில் நீங்கள் பேசும் குடும்ப விவகாரம் எதிர்க்கரையிலிருப்பவருக்குச் சொல் சொல்லாகக் கேட்கும், அவரும் தமிழராக இருக்க வாய்ப்புண்டு.

ஆகஸ்ட்டில் போவோர் ஓநாய்க் கூவலைக் கேட்டறியலாம். 1963-இல் தொடங்கிய வழக்கம் இது: ஓநாய்க் கூட்டமொன்று நெடுஞ்சாலையருகே இருப்பது உறுதியானால், வியாழன் இரவில் பூங்கா ஊழியர்கள் மக்களைக் கார் வரிசையில் அழைத்துச் சென்று, இருளில் நிறுத்தி, தாமே ஓநாய்போல ஊளையிடுவார்கள். சில இரவுகளில் காட்டிலிருந்து பதில் வரும். நூற்றுக்கணக்கான கார்களில் வந்த மக்கள் மூச்சுவிடும் ஓசையும் கேளாமல் நிற்பார்கள்.

ஒரு வாரத்தில் இரண்டு நாளாவது மழை பெய்யும். கூடாரத்தின் மேல்விரிப்புத் தவிர, சமையல் மேசைக்கு மேலே கட்டத் தனியாக ஒரு தார்ப்பாயும் நீண்ட கயிறும் கொண்டுபோங்கள். மெல்லிய மழை பெய்யும் மேகமூட்டப் பகலில் பாஸ் நன்றாகக் கடிக்கும். இடி கேட்டால் மட்டும் உடனே தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டும்.

பூச்சிக்கடிக்கு எதைப் பூசுவது?

டீட் கலந்த பூச்சே நம்பகமானது. பெரியவர்களுக்கு 30 விழுக்காடு வரை, இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 10 விழுக்காடு வரை என்பது கனடிய சுகாதாரத் துறையின் வரம்பு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பூசவே கூடாது. பூசிய கையால் மூக்குக் கண்ணாடியையோ தூண்டில் பெட்டியையோ தொடாதீர்கள், அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வெளிர் நிற முழுக்கைச் சட்டையும் காலுறைக்குள் சொருகிய காற்சட்டையும் பாதி வேலையைச் செய்துவிடும். உண்ணி ஏறியிருக்கிறதா என்று இரவில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் பார்த்துவிடுங்கள்.

புறப்படும் நாளில் கவனிக்க வேண்டியவை எவை?

முகாமிடத்தைப் பிற்பகல் 2 மணிக்குள் காலி செய்ய வேண்டும். சொந்தப் படகு கொண்டுவந்தவர்கள் அதை ஏரியருகிலேயே வடித்து, அடைப்பைக் கழற்றி, ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களை அகற்றிய பின்னரே சாலையில் ஏற்றலாம். 2022-இன் தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். மிஞ்சிய விறகை அடுத்து வருபவருக்காக நெருப்புக் குழியருகே அடுக்கிவிட்டுப் போகலாம். சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை மேலே பிடித்துச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னொரு வாளி. கூடாரம் ஈரமாக இருந்தால் சுருட்டிக் காரில் போட்டுவிட்டு, வீடு சேர்ந்த அன்றே வாகனத் தரிப்பிடத்திலோ நிலவறையிலோ விரித்துக் காயவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.